காட்டிக்கொடுத்த எள்ளுத்தாத்தா

"எங்க வேதமாணிக்கம் தாத்தா உளவாளியா? ஏசப்பா!"

பவளம் ஆன்ட்டி கரண்டியை ஓங்கினார். நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். கரண்டியில் கொதிக்கிற சாம்பார் இருந்தது. எனக்கோ மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கிடையாது.

"உளவாளி எண்டு நாங்கள் சொல்லேல்லை," என்றார் என் முதலாளி பத்மராணி, நின்ற இடத்தைவிட்டு அசையாமல். "கடிதம் சொல்லுது. முதல்ல கரண்டியைக் கீழ வையுங்கோ."

பத்மாக்கா வடமராட்சிக்காரி. இருபது வருஷம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம் போடுகிறவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர். இப்போது நியூயார்க்குக்குத் தெற்கே பிஸ்கட்டவேயில், புருவம் திருத்தும் கடைக்கு மேல்மாடியில், துப்பறியும் ஆபீஸ் போட்டிருக்கிறார். நான் முகிலன், குரோம்பேட்டை, வேலை போன ஐடிக்காரன். ஆபீஸில் இருப்பது நாங்கள் இரண்டு பேர், ஒரு காபி மெஷின். மூவரில் மெஷினுக்குத்தான் தினமும் வேலை இருக்கும்.

கேஸ் இதுதான். வெஸ்ட் வின்ட்சர் பவளம் ஆன்ட்டியின் ஒரே மகள் பிரீத்தாவுக்கும், பார்சிப்பனி டென்னிஸ் அங்கிளின் மகன் ஸ்டெபினுக்கும் அடுத்த மாதம் கல்யாணம். பெண் வீடு சி.எஸ்.ஐ., பையன் வீடு ஆர்.சி. எந்தக் கோயிலில் தாலி கட்டுவது என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, ஒரு பாஸ்டரும் ஒரு ஃபாதரும் சேர்ந்து நின்று நடத்தலாம் என்று ஒருவழியாகச் சமாதானம் ஆனார்கள். அப்பாடா என்று மூச்சுவிட்ட வாரம் டென்னிஸ் வீட்டு மெயில்பாக்ஸில் ஒரு கவர் விழுந்தது. அனுப்பியவர் பேர் இல்லை. உள்ளே பழுப்பேறிய ஒற்றைத் தாள், சுழித்துச் சுழித்து எழுதிய இங்கிலீஷ். ஆயிரத்து எண்ணூற்று இரண்டாம் வருஷம் வெள்ளைக்காரக் கும்பினிக் கலெக்டருக்கு அவருடைய ஆள் எழுதிய உளவு அறிக்கை.

தெற்கே பாளையக்காரர்கள் கும்பினியை எதிர்த்துக் கிளம்பித் தோற்றுப்போய், மிஞ்சியவர்கள் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிந்த காலம் அது. டென்னிஸின் எள்ளுத்தாத்தா சூசை மரியான் கடற்கரையிலிருந்து அவர்களுக்கு வெடிமருந்து கடத்தினாராம். (கணக்குப் பார்த்தால் எள்ளுக்கும் மேலே இன்னும் இரண்டு மூன்று தானியம் போக வேண்டும். சுருக்கமாக எள்ளு என்றே வைத்துக்கொள்வோம்.) பிடிபட்டு, தூக்கில் தொங்கினார். காட்டிக்கொடுத்தவன் யார் என்று அந்தக் குடும்பத்துக்கு இன்றுவரை தெரியாது. இந்தத் தாள் பேரோடு சொல்லிவிட்டது: உபதேசியார் வேதமாணிக்கம். பவளம் ஆன்ட்டியின் எள்ளு.

டென்னிஸ் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டார். சபை குரூப், சங்கம் குரூப், கேட்டரிங் குரூப் என்று ஒன்று விடாமல் சுற்றியது. கல்யாணத்தை நிறுத்தியாயிற்று. கள்ளக் கடிதம் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் நிரூபித்தால் மட்டும் மேற்கொண்டு பேச்சு என்று சொல்லிவிட்டார். இன்றைக்கு வெள்ளி.

"கல்யாணம் நின்னாக்கூட தாங்கிக்கிடுவேன்," என்றார் பவளம் ஆன்ட்டி. கண் கலங்கிவிட்டது. "எங்க தாத்தா பேரு நாறுதே! ஊர்ல கோயில் செவத்துல கல்லுல வெட்டியிருக்கு அவிய பேர. ஒவ்வொரு சம்மர் லீவுக்கும் பிரீத்தாவக் கூட்டிட்டுப் போயி அந்தக் கல்லத் தொட்டுப் பாக்க வச்சிருக்கேன். அவ அப்பா எறந்துபோன வருஷங்கூட விடல. இப்ப சர்ச்சுல என் பெஞ்சுல ஒருத்தி உக்கார மாட்டேங்கா!"

"பிள்ளை என்ன சொல்லுறா?"

"அவ என்னத்தச் சொல்லுவா? வெக்கப்படுத புள்ள. மாப்பிள்ள வீட்டுக்காரவ பாக்க வந்த அன்னைக்கு ரூமுக்குள்ள போயி கதவச் சாத்திக்கிட்டா. அவ்வளவு வெக்கம்."

ஃப்ரிட்ஜ் கதவில் கல்யாணக் கார்டு காந்தத்தில் தொங்கியது. பிரீத்தாவே டிசைன் செய்ததாம். நியூயார்க்கில் அவளுக்கு அதுதான் வேலை. பத்மாக்கா அந்தக் கார்டைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, சாம்பாரில் உப்புக் குறைவு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். ருசி பார்த்ததே இல்லை. வாசனையிலேயே உப்பைக் கண்டுபிடிக்கிற ஆளிடம் நான் சம்பளம் வாங்குகிறேன்.

287 ஹைவேயைப் பார்த்து வண்டியை விட்டேன். ஒரிஜினல் தாள் டென்னிஸிடம் இருந்தது. போட்டோ என் போனில் இருந்தது.

"டென்னிஸ்தான் அக்கா," என்றேன். "ஓப்பன் அண்ட் ஷட். டெக்சாஸ்ல ஒரு டென்டிஸ்ட் பொண்ணு ஜாதகம், சாரி, பயோடேட்டா வந்திருக்குன்னு கேட்டரிங் குரூப்ல ஓடுது. இந்தக் கல்யாணத்த கழட்டிவிட ஒரு காரணம் வேணும். பழைய பேப்பர், டீ டிக்காஷன்ல ஒரு முக்கு, முடிஞ்சுது."

"கும்பினிக்காரன் எப்பிடிச் சேதி சேர்த்தவன் எண்டு தெரியுமோ உமக்கு?"

"நம்ம ஊர்ல வாட்ஸப் இல்லாத காலம். கஷ்டப்பட்டிருப்பான்."

"ஒரு கஷ்டமும் இல்லை. தபால் ஓடுறவன், சந்தைக்குப் போறவன், துரைக்குச் சமைக்கிறவன், எல்லாருக்கும் சேதிக்குக் கூலி. கூலி எண்டு ஒண்டு வந்தால் சேதி இல்லாட்டிலும் சேதி முளைக்கும். 'அங்க கூட்டம் கூடுது, இஞ்ச வாள் தீட்டுறாங்கள்' எண்டு சும்மா கிடந்த ஊரையெல்லாம் கலவர ஊர் எண்டு எழுதிவைச்சவங்கள். அதால, உளவுச் சேதி ஒண்டு கையில கிடைச்சால் உண்மையோ பொய்யோ எண்டு முதல்ல கேக்கக் கூடாது. இதால ஆருக்குக் கூலி எண்டு கேக்கவேணும்."

"டென்னிஸுக்கு. டெக்சாஸ் டென்டிஸ்ட். வாழ்நாள் பூரா ஃப்ரீ ரூட் கெனால்."

"வாசியும் பாப்பம் அதை."

சிக்னலில் நின்றபோது போனை எடுத்து, அந்தக் கால இங்கிலீஷை என்னால் முடிந்த அளவுக்குத் தமிழாக்கினேன். "மகா கனம் பொருந்திய கலெக்டர் துரை சமூகத்துக்கு. டிசம்பர் மாசம் பதினாலாம் தேதி, உபதேசியார் வேதமாணிக்கம் கொண்டுவந்த துப்பின்படி... கலகக்காரர்களுக்கு வெடிமருந்து கடத்தும் சூசை மரியான், செம்மண் புழுதி கண்ணை மறைக்கும் தேரிக்காட்டிலே, கருப்பட்டி காய்ச்சும் குடிசை ஒன்றில் ஒளிந்திருந்தான். மேற்படி வேதமாணிக்கம், அன்று காலை இறக்கின பதநீர் வாங்கிக் குடிக்கும் சாக்கில் உள்ளே நுழைந்து, அவனைக் கண்ணாரக் கண்டு..."

பத்மாக்கா சிரித்துவிட்டார். சும்மா இல்லை, சீட் பெல்ட் குலுங்கக் குலுங்க.

"என்னக்கா?"

"ஒண்டுமில்லை. பசிக்குது. உந்த எடிசன் கடையடியில நிப்பாட்டும்."

கடைக்குள் போனவர் ஃப்ரோசன் பனங்கிழங்கு இரண்டு பாக்கெட்டோடு வெளியே வந்தார். ஒரு குடும்பத்து மானம் கப்பலேறிக்கொண்டிருக்கிறது, இந்த அம்மாவுக்குக் கிழங்கு கேட்கிறது. தலையில் அடித்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

டென்னிஸ் அங்கிள் கதவைத் திறந்த வேகத்திலேயே ஆரம்பித்துவிட்டார். ஆள் நல்ல உயரம், மீசை தனியாகக் கோபப்படும்.

"வாங்க, வாங்க. அந்தம்மா அனுப்பிச்ச ஆளா? எங்க தாத்தா கழுத்துல கயிறு மாட்டுனவன் வீட்டுப் பொண்ண எங்க வீட்டுக்கு எடுக்கச் சொல்லுதியளா? எங்க தாத்தா ஆவி சும்மா விடுமா?"

"ஆவிக்கு விசா கிடைக்கணுமே அங்கிள்," என்றேன். பத்மாக்கா என் காலை மிதித்தார்.

"அண்ணை, முதல்ல இதைக் கொஞ்சம் சூடாக்கித் தாருங்கோவன்," என்று கிழங்குப் பாக்கெட்டை நீட்டினார்.

பாக்கெட்டைப் பார்த்ததும் மீசை இறங்கிவிட்டது. "எடே ஸ்டெபின், இங்க வாடே! யாரு என்ன கொண்டாந்திருக்காவன்னு பாரு!"

ஸ்டெபின் மாடியிலிருந்து இறங்கி வந்தான். பார்க்க நல்ல பையன், கொஞ்சம் அசட்டுச் சிரிப்பு. மைக்ரோவேவ் கத்தியது. டென்னிஸ் ஆவி பறக்கும் கிழங்கைக் கையில் எடுத்து, தோலை உரித்து, நடுவில் இரண்டாகப் பிளந்து, உள்ளே இருக்கும் நாரை ஒரே இழுப்பில் உருவிப் போட்டார். ஸ்டெபினும் அதே போல உருவினான்.

"கிறிஸ்மஸ் டைம்ல பெரியம்மா குடுப்பாங்க," என்றான் ஸ்டெபின். "ஊருக்கு வீ கோ எவ்ரி டிசம்பர். டாட் கடையை அப்பத்தான் மூடுவார்."

"டிசம்பர்னா இதுதாம்லா எங்களுக்கு கேக்கு!" டென்னிஸ் வாய் நிறையக் கிழங்கோடு சொன்னார். "மழ பெஞ்சு மண்ணு நல்லா ஊறிக் கெடக்கும். அப்பந்தான் தோண்டுவோம்."

"அண்ணை, அந்த அறிக்கையை முழுக்க வாசிச்சனியளோ?"

"வாசிக்கணுமா? பேரு இருந்துச்சு. 'வேதமாணிக்கம்'னு தெளிவா. அது போதாதா?"

"ஆருக்கெல்லாம் அனுப்பினனீங்கள்?"

"எல்லாருக்கும்!"

"அவையள் ஆரும் முழுக்க வாசிச்சவையோ?"

டென்னிஸ் மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தான். நான் கிழங்கைப் பார்த்தேன். கும்பினிக் கலெக்டரும் இப்படித்தான் பேரை மட்டும் பார்த்துத் தூக்கு எழுதியிருப்பார் போல.

"இங்க பாருங்க," என்று டென்னிஸ் இறங்கி வந்தார். "எனக்கு அந்தப் புள்ளய ரொம்பப் புடிக்கும். தங்கமான புள்ள. டெக்சாஸ், டென்டிஸ்ட்டுன்னு எவனோ கௌப்பிவிட்ட கத. கடுதாசி கள்ளம்னு நீங்க காட்டிட்டா, சபையில எல்லாருக்கும் முன்னாடி அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேப்பேன். மறுநாளே கல்யாண வேலய ஆரம்பிச்சிருவேன். இது சத்தியம்."

வண்டிக்கு வந்ததும் பொறுமை போய்விட்டது. "அக்கா, கிழங்கு சாப்பிட்டுட்டு வந்ததுதான் மிச்சம். சந்தேகப்பட்ட ஒரே ஆளும் மன்னிப்பு கேக்க ரெடியா இருக்கான்!"

"எங்கட ஊரும் பனை ஊர்தான் முகிலன். பதநீர் எப்ப இறக்குவினம் எண்டு தெரியுமோ?"

"டின்ல வர்றது. எப்ப வேணா இறக்கலாம்."

"வெயில் காலத்திலதான் இறக்குவினம். ஆவணி வந்தால் சரி, முடிஞ்சுது. டிசம்பரில மழை. பாளையில சொட்டும் விழாது, கருப்பட்டி அடுப்பிலும் நெருப்பு இருக்காது. ஈர மண்ணில புழுதி எங்கால பறக்கும்? டிசம்பரில அந்தத் தேரிக்காட்டில கிடைக்கிறது உந்தக் கிழங்கு மட்டும்தான். அறிக்கை எழுதின ஆள் டிசம்பர் எண்டு தேதியைப் போட்டுப்போட்டு, ஜூலை மாசத்தை எழுதி வைச்சிருக்கு."

"அப்ப டென்னிஸ் எழுதியிருந்தா இந்தத் தப்பு வராது."

"தூக்கத்தில எழுதினாலும் வராது. அவர் அங்க பிறந்து வளர்ந்த ஆள். மகனும் டிசம்பரிலதான் போறவன், கிழங்கில நார் எடுக்கத் தெரியுது. இது ஊரைத் தெரிஞ்ச ஆள், ஆனா ஜூலையில மட்டும் தெரிஞ்ச ஆள். பள்ளிக்கூட லீவுக்குப் போய், பதநீர் குடிச்சு, கண்ணில மண் விழுந்து திரும்பி வந்த ஆள்."

"அக்கா... ஒவ்வொரு சம்மர் லீவுக்கும்..."

"ஓம்."

"நம்ம க்ளையன்ட்டோட பொண்ணா! சொந்தத் தாத்தாவையா போட்டுக் கொடுத்தா?"

"கூலி ஆருக்கு எண்டு யோசியும். கல்யாணம் நிண்டால் டென்னிஸுக்கு ஒண்டுமில்லை, பவளத்துக்கு நட்டம். மிஞ்சிறது பிள்ளைதான். கார்டில இருந்த எழுத்தையும் பாத்தனான், அறிக்கையில இருந்த அதே சுழி. வண்டியைக் கெதியா விடும்."

பிரின்ஸ்டன் ஜங்ஷன் பார்க்கிங் லாட்டில், சாயங்கால ரயிலிலிருந்து இறங்கி வந்தாள் பிரீத்தா. தோளில் லேப்டாப் பை, காதில் இயர்போன். பத்மாக்கா கையசைத்ததும், அம்மா அனுப்பிய ஆட்கள் என்று நினைத்துச் சிரித்தாள். பத்மாக்கா மிச்சமிருந்த ஒரு கிழங்கை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னது? ஜிஞ்சரா?"

"உம்மட தாத்தா ஊரில டிசம்பர் மாசம் கிடைக்கிற சாமான், பிள்ளை. பதநீர் கிடைக்காது."

அவள் முகத்தில் நிறம் போனது. பிறகு, "ஓ காட்," என்றாள். "சீசனா? அதுக்கு சீசன் இருக்கா?"

"எல்லாத்துக்கும் இருக்கு," என்றேன். "மாம்பழத்துக்குக்கூட இருக்காம். காஸ்ட்கோல சொல்ல மாட்டேங்கறாங்க."

சிரிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டியது.

"ஸ்டெபின் இஸ் எ நைஸ் கை. ரியலி நைஸ். அதான் பிராப்ளம். வேண்டாம்னு சொல்ல ஒரு ரீஸனும் இல்ல. எனக்கு அவன்மேல ஒண்ணுமே தோணல, அவ்வளவுதான். அத யாரும் ரீஸனா எடுத்துக்க மாட்டாங்க. ஹிஸ்டரின்னா எடுத்துப்பாங்க. எங்க ஆளுங்க இருநூறு வருஷத்துக்கு முந்தி நடந்ததுக்குச் சண்டை போடுவாங்க, இப்ப நான் சொல்றத கேக்க மாட்டாங்க."

"அதுக்கு ஏன் பிள்ளை உம்மட தாத்தாவில பழியைப் போட்டனீர்?"

"ஹி'ஸ் டெட். அவருக்கு வலிக்காதுன்னு நெனச்சேன். அம்மாவுக்கு இவ்வளவு வலிக்கும்னு தெரியாது." கன்னத்தைத் துடைத்தாள். "அம்மாகிட்ட சொல்லிடுவீங்களா? கடுதாசி பொய்னு ப்ரூவ் ஆனா கல்யாணம் திரும்ப ஸ்டார்ட் ஆயிடும். ப்ளீஸ்."

நான் பத்மாக்காவைப் பார்த்தேன். ஃபீஸ் கொடுக்கிறவர் பவளம் ஆன்ட்டி. துப்புக் கிடைத்துவிட்டது. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

"தாயிட்டப் பிள்ளையைக் காட்டிக்குடுக்கிற வேலை எனக்கு வேண்டாம்," என்றார் பத்மாக்கா. "நீரே சொல்லும்."

"எதச் சொல்லணும்?"

பின்னாலிருந்து வந்தது குரல். மகளைக் கூட்டிப்போக வந்த பவளம் ஆன்ட்டி, வண்டிக் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

பிரீத்தா சொன்னாள். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ், நடுவில் மூக்கு உறிஞ்சல். தாள், மை தொட்டு எழுதும் டிப் பேனா, டீத்தூள், பார்சிப்பனி போஸ்ட் ஆபீஸ். ஒன்று விடாமல் சொன்னாள்.

பவளம் ஆன்ட்டி கையை ஓங்கினார். இந்தத் தடவை கரண்டி இல்லை. கை அந்தரத்திலேயே நின்றது.

"பாவி! ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த 'வேண்டாம்மா'ன்னு சொல்லியிருக்கக் கூடாதாட்டி?"

"சொன்னேன்மா."

"எப்ப சொன்ன?"

"பாக்க வந்த அன்னைக்கு சொன்னேன். ரிங் வாங்கப் போனப்ப கார்ல சொன்னேன். சாரி எடுத்துட்டு வந்த அன்னைக்கு உன் ரூமுக்கே வந்து சொன்னேன். நீ ஒவ்வொரு தடவையும் சித்திக்கு போன் போட்டு, 'புள்ள வெக்கப்படுது'ன்னு சொன்ன."

அந்த மாதிரி நேரத்தில் ஒரு ஜோக் சொல்லாமல் இருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பவளம் ஆன்ட்டி கையை இறக்கினார். மெதுவாக வண்டியின் மேல் சாய்ந்துகொண்டார். "அன்னைக்குக் கதவச் சாத்திக்கிட்டு உள்ள அழுதியா?" என்று கேட்டார். பிரீத்தா தலையாட்டினாள்.

ஆன்ட்டியின் கைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். டென்னிஸ் அங்கிள்.

"இவருகிட்ட கடுதாசி கள்ளம்னு சொல்லிட்டியளா?" என்று பத்மாக்காவிடம் கேட்டார்.

"இன்னும் இல்லை."

ஆன்ட்டி மகளைப் பார்த்தார். சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"அண்ணாச்சி, சொல்லுங்க. ஆமா, இங்கதான் நிக்காவ. விசாரிச்சாச்சு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீங்க சொன்னதுதான் சரி. எங்க தாத்தாதான் காட்டிக்கொடுத்துருக்காரு. ஆமா, நல்லாத் தெரிஞ்சிபோச்சி. ஒங்க தாத்தாவுக்கு எங்க ஆளு செஞ்சது பாவம். இத வச்சிக்கிட்டு சம்பந்தம் பண்ண வேண்டாம் அண்ணாச்சி. விட்டுருவோம்."

அந்தப் பக்கம் டென்னிஸ் என்னவோ தடுமாறினார். ஆன்ட்டி போனை அணைத்துவிட்டார்.

"அம்மா, நோ!" பிரீத்தா அவர் கையைப் பிடித்தாள். "அது பொய்! சர்ச்ல எல்லாரும் உன்ன... தாத்தா பேரு..."

"சும்மா கெட. அவரு செத்து இருநூறு வருஷம் ஆச்சு. நீ இப்ப இருக்க." வண்டியின் மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டார். "ஏறு. காலைலேர்ந்து என்ன தின்ன?"